பழைய அவுட்போர்டு எஞ்சின் வாங்குகிறவர்களுக்கு: மும்பைக் கடலை மனதில் வைத்து

மும்பையில் ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சினை, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டுகிற எஞ்சினை, கெடுப்பது அதன் வயது அல்ல. உப்பும் சேறும்தான். இருபது வருஷம் ஓடிய எஞ்சின், நல்ல தண்ணீரில் கழுவி வைக்கிறவர் கையில் இன்னும் பல வருஷம் ஓடும். நாலே வருஷம் ஆன எஞ்சின், ஒரு மழைக்காலம் முழுக்கக் கழுவாமல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால் போதும், போல்ட்டு ஒன்றுகூடக் கழற்ற வராது. அதனால் வாங்கப் போகும்போது எந்த வருஷ மாடல் என்பதைவிட, யார் கையில் இருந்தது, எப்படிக் கழுவினார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

மும்பையின் மீனவச் சமூகமான கோலிகளில் ஒரு நண்பரோடு பங்கு சேர்ந்து மாகிம், வர்சோவா, மட் பக்கம் சின்ன ஃபைபர் படகு இறக்க நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். சசூன் டாக், பாவ்ச்சா தக்கா துறைகளில் நிற்கிற பெரிய படகுகளில் உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின். அது வேறு கதை.

எந்த எஞ்சின்

18 முதல் 22 அடி ஃபைபர் படகு, இரண்டு மூன்று ஆள், வலை, ஐஸ் பெட்டி. இதற்கு 8 முதல் 15 குதிரைத்திறன் போதும். 9.9 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறத்தாழ 35 முதல் 40 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கலாம். 40 குதிரைத்திறன் எஞ்சின் ஏறக்குறைய அதைப்போல இருமடங்கு எடை. கடல் இறங்கும் வற்றுநேரத்தில் படகு கரைக்கு வெகுதூரத்தில் நின்றுவிடும் இந்த ஊரில், தூக்க முடியாத எஞ்சின் படகிலேயே கிடக்கும். கழுவவும் மாட்டீர்கள், திருடு போனாலும் போகும்.

பழையது என்று முடிவானால் இரண்டு ஸ்ட்ரோக்கே வாங்குங்கள். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், புகை விடும், உண்மைதான். ஆனால் வால்வு இல்லை, ஆயில் தொட்டி இல்லை. பிரித்தால் மேசை மேல் அடங்கிவிடுகிற அளவுக்குத்தான் சாமான். நாலு ஸ்ட்ரோக் நல்ல எஞ்சின்தான், புதிதாக வாங்க வசதி இருந்தால். அதன் கார்புரேட்டர் துளைகள் மிக நுண்ணியவை. பழைய பெட்ரோல் காய்ந்து அடைத்துக்கொண்டால் புதிய ஆள் திணறிப்போவார்.

கம்பெனி என்று பார்த்தால், யமஹா எண்டூரோ வரிசை, சுசுகி டிடி வரிசை. இந்த இரண்டுக்கும் சாமான் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மிஸ்திரியும் கிடைப்பார். ஜான்சன், எவின்ரூடு எஞ்சின்கள் எப்போதாவது பாதி விலைக்கு வரும். அவற்றைச் செய்த ஓஎம்சி கம்பெனி 2000ஆம் ஆண்டு கடைசியில் திவாலானது. பிறகு வந்தவர்களும் 2020இல் எவின்ரூடு உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். ஒரு இம்பெல்லருக்காக (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம்) மூன்று மாதம் காத்திருக்கத் தயாரென்றால் வாங்கலாம்.

மாடல் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். யமஹாவில் இ-15-டி-எம்-எச்-எஸ் என்று இருந்தால், 15 குதிரைத்திறன், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது, கைப்பிடியால் திருப்புவது, குட்டைத் தண்டு என்று பொருள். கடைசியில் எஸ் இடத்தில் எல் இருந்தால் நீளத் தண்டு. தொடக்கத்தில் இ-யை அடுத்து கே வந்தால் மண்ணெண்ணெய் மாடல்.

தண்டு நீளம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எஸ் என்றால் 15 அங்குலம், எல் என்றால் 20 அங்குலம். உங்கள் படகின் அமரத்தில் (பின்பக்கத்தில்) எஞ்சின் மாட்டும் பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை நேராக அளந்துகொண்டு போங்கள். மாட்டியபின், புரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டை இறகு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். உயரப் பலகையில் குட்டைத் தண்டு மாட்டினால், அலையில் அமரம் எழும்பும்போது புரொப்பெல்லர் காற்றை அள்ளும். தண்ணீர் இழுக்கும் வாயும் வெளியே வந்து எஞ்சின் சூடாகும். தாழ்ந்த பலகையில் நீளத் தண்டு மாட்டினால் மும்பைச் சேற்றை உழுதுகொண்டே போவீர்கள்.

இன்னொன்று, ஊரிலிருந்து வரும் எஞ்சின். குமரி மாவட்டத்திலோ கேரளத்திலோ இருக்கிற மச்சான், "நல்ல எஞ்சின் ஒண்ணு கெடக்கு, கொண்டு வரட்டா?" என்பார். அந்தப் பக்கம் பெரும்பாலும் மண்ணெண்ணெய் மாடல். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். அங்கே மீனவர்க்கு மானிய மண்ணெண்ணெய் உண்டு, அதனால் கட்டுப்படியாகிறது. இங்கே நீங்கள் பெட்ரோலில்தான் ஓட்டப் போகிறீர்கள். ஓடும், ஆனால் மண்ணெண்ணெய் எஞ்சினின் அழுத்த விகிதம் வேண்டுமென்றே குறைத்துச் செய்யப்பட்டது. அதே பெட்ரோலுக்கு இழுவை குறைவாகத்தான் தரும். மிக மலிவாக வந்தால் மட்டும் யோசியுங்கள். ரயிலில் ஏற்றுவதானால் தொட்டியும் குழாயும் கார்புரேட்டரும் சுத்தமாக வடிந்திருக்க வேண்டும். படுக்க வைக்கும்போது எஞ்சின் தலை எப்போதும் கியர் பெட்டியைவிட மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்டுக்குள் தேங்கிய கடல்தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும்.

எங்கே, எப்போது தேடுவது

மகாராஷ்டிராவில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எஞ்சின் இல்லாத பாரம்பரியப் படகுக்குத்தான் விலக்கு. ஒரு அவுட்போர்டு மாட்டினாலும் தடை உங்களுக்கும் உண்டு. அதனால் வாங்க நல்ல நேரம் மே மாதம். கடலில் ஓட்டிப் பார்க்கலாம், விற்கிறவர்க்கும் இரண்டு மாதம் சும்மா வைத்துக் காப்பதைவிடக் காசாக்கினால் தேவலை என்று இருக்கும், உங்களுக்கும் பழுது பார்க்க இரண்டு மாதம் கையில் இருக்கும். கோலிகள் கடலை வணங்கி மறுபடி மீன்பிடிக்க இறங்கும் நாரளி பௌர்ணமி நெருங்கும்போது எல்லாரும் எஞ்சின் தேடுவார்கள். அப்போது பேரம் படியாது.

முதலில் கோலிகள் குடியிருக்கும் கோலிவாடாக்களில் கேளுங்கள். படகுக்கார நாக்வாவிடம் நேராக வாங்குவது எப்போதும் நல்லது. எஞ்சினின் சரித்திரம் அந்தக் கரை முழுக்கத் தெரிந்திருக்கும். நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தால் உண்மை வெளியே வரும்.

ரே ரோடு பக்கம் தாருகானாவில் உடைத்த கப்பல்களின் சாமான் வரும். அங்கே சில சமயம் கப்பலின் மீட்புப் படகில் இருந்த அவுட்போர்டு கிடைக்கும். அது விசித்திரமான பண்டம். பயிற்சிக்காகச் சில நிமிடம் ஓட்டி நிறுத்துவதோடு சரி, ஆகவே பிஸ்டன் தேய்ந்திருக்காது. ஆனால் வருஷக்கணக்கில் உப்புக் காற்றில் நின்றதால் ரப்பர் எல்லாம் காய்ந்து, கார்புரேட்டர் பிசின் பிடித்து இருக்கும். குதிரைத்திறனும் நமக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். அளவு ஒத்துவந்தால், கார்புரேட்டர், இம்பெல்லர், குழாய் மூன்றுக்கும் செலவு செய்யத் தயாரானால், எனக்கு அது கரையில் அடிபட்ட எஞ்சினைவிட மேலாகத் தோன்றுகிறது.

எண்ணும் காகிதமும்

2008 நவம்பர் 26 தாக்குதலுக்கு வந்தவர்கள் கஃப் பரேடு மச்சிமார் நகர் கரையில் ரப்பர் படகில் வந்து இறங்கினார்கள். அந்தப் படகில் இருந்த யமஹா அவுட்போர்டு எஞ்சினும் புலனாய்வில் சான்றானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் எண் அழிந்த எஞ்சின் என்பது வெறும் திருட்டுச் சாமான் பிரச்சினையோடு நிற்காது. எஞ்சினைப் படகோடு இறுக்கும் கிளாம்ப் பக்கம் இருக்கும் எண் தகட்டைப் பாருங்கள். சுரண்டியிருந்தாலோ, ரிவெட் மட்டும் புதிதாகப் பளபளத்தாலோ, விலை என்னவானாலும் திரும்பி நடங்கள்.

பழைய பில், விற்பனைச் சீட்டு, விற்கிறவர் அடையாள அட்டை நகல், மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். மீன்வளத் துறையில் படகைப் பதிவு செய்யும்போது எஞ்சின் கம்பெனி, எண், குதிரைத்திறன் எல்லாம் எழுத வேண்டும். பதிவு இப்போது ரியல்கிராஃப்ட் என்னும் இணையதளம் வழியாக நடக்கிறது. எஞ்சின் மாறினால் அதையும் பதிவில் மாற்றிவிடுங்கள். கடலில் நிறுத்திச் சோதிக்கும்போது எண் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய பாடு போச்சு.

பார்க்கப் போகும் நாள்

போவதற்கு முன் ஒரு நிபந்தனை: எஞ்சின் முந்தின இரவிலிருந்து நிமிர்த்தி நின்றிருக்க வேண்டும், நாம் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சூடான எஞ்சின் எதுவும் ஒரே இழுப்பில் கிளம்பும். "பாருங்க அண்ணாச்சி, ஒரே இழுப்பு!" என்று காட்டுகிறவரைப் பார்த்து மயங்க வேண்டாம். தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். சூடாக இருந்தால், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி மறுநாள் போங்கள்.

மூடியைத் திறந்ததும் கண்ணால் பார்ப்பது பாதி வேலை. சிலிண்டர் தலையில் பெயிண்ட் கருகியோ பொரிந்தோ இருந்தால் அந்த எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடேறி நின்றது என்று அர்த்தம். தலையும் பிளாக்கும் சேரும் கோட்டில் வெள்ளை உப்பு வழிந்து காய்ந்திருந்தால் கேஸ்கெட் கசிகிறது. போல்ட்டுத் தலைகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது தப்பில்லை, எதற்குத் திறந்தீர்கள் என்று கேட்டு, பதிலைக் கவனியுங்கள். முழு எஞ்சினும் புதுப் பெயிண்டில் மின்னினால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். உள்ளே அரிப்பு இருந்தால் பெயிண்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருக்கும்.

பிளக்குகளைக் கழற்றி, எந்த சிலிண்டருடையது எது என்று குழம்பாமல் வரிசையாக வையுங்கள். இரண்டும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்த சிலிண்டருக்கு எரிபொருள் குறைவாகப் போய்ச் சூடாகிறது. ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். இதற்கான கேஜ் விலை அதிகமில்லை, சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, அவற்றின் வயர்களை எஞ்சின் உடலோடு சேர்த்துக் கட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை நாலைந்து தடவை ஒரே மாதிரி கயிறு இழுங்கள். எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட, இரண்டு சிலிண்டருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம். 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கிறது. மண்ணெண்ணெய் மாடலில் எண் இயல்பாகவே குறைவாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

பிறகு கியர் பெட்டி. என்னைக் கேட்டால் பழைய எஞ்சினின் தலையெழுத்து இங்கேதான் இருக்கிறது. அடியில் இருக்கும் ஆயில் ஸ்குரூவை மெல்லத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். ஆயிலைவிடத் தண்ணீர் கனம். இரவெல்லாம் நின்றதால், உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். ஆயில் பால் கலந்த காப்பி போல வந்தாலும் தண்ணீர் ஏறியிருக்கிறது. சீல் (தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையம்) மாற்றினால் சரியாகும் என்பார்கள். தண்ணீரோடு எத்தனை நாள் ஓடியது, பேரிங் எப்படி இருக்கிறது என்று பிரிக்காமல் யாருக்கும் தெரியாது. ஆயிலில் விரலில் குத்துகிற இரும்புத் துணுக்கு வந்தால் பேச்சே வேண்டாம்.

புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, தண்டு ஆடுகிறதா என்று ஒரு புள்ளியில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது, சீல் நிற்காது. முன் கியர், நியூட்ரல், பின் கியர் மூன்றும் அழுத்தமாக விழ வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஸ்டார்ட் செய்வது. தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள், "ரெண்டு செகண்டுதான் அண்ணாச்சி" என்றாலும். உலர்ந்து சுற்றினால் இம்பெல்லரின் ரப்பர் இறக்கை தேய்ந்து பிய்ந்துவிடும். டிரம்மில் வைத்து ஸ்டார்ட் செய்தால் சில வினாடியில் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீறிட வேண்டும்.

டிரம்மோடு முடித்துக்கொள்ளக் கூடாது. படகில் மாட்டி, குறைந்தது அரைமணி நேரம் கடலில் ஓட்டுங்கள், அதில் கொஞ்ச நேரம் முழு வேகத்தில். பழைய எஞ்சினில் ஸ்பார்க் தருகிற சிடிஐ பெட்டியும் காயிலும் குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, சூடானதும் ஸ்பார்க் விட்டுவிடும். கியர் பல் தேய்ந்திருந்தாலும் சுமை ஏறும்போதுதான் 'டக்' என்று வெளியே குதிக்கும். திரும்பிவந்து நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது கைப்பட்டையோடு சேர்ந்த அவசர நிறுத்தக் கிளிப்பை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், உடனே நிற்க வேண்டும்.

விலை பேசும்போது கோபமோ குறை சொல்வதோ வேண்டாம். இம்பெல்லர், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து தண்ணீர் விடும் வால்வு), பிளக், பெட்ரோல் குழாய், கியர் ஆயில், சீல். இவை எல்லாம் எப்படியும் மாற்ற வேண்டியவை. கடையில் விலை கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போய், அதை விற்கிறவர் முன்னால் கூட்டிக் காட்டுங்கள்.

தண்ணீர்: பாதி பராமரிப்பு இதுதான்

கடல்தண்ணீரை உறிஞ்சித்தான் எஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நிறுத்தியதும் உள்ளே நிற்கிற தண்ணீர் வற்றி உப்பு மட்டும் தங்கும். அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு பூச்சு. மும்பையில் இதோடு வண்டலும் சேரும். மித்தி ஆறு மாகிமில் கடலோடு சேரும் இடத்தில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாலே புரியும், எஞ்சின் எதைக் குடிக்கிறது என்று.

ஆகவே ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்ட வேண்டும். தண்ணீர் வாயில் மாட்டுகிற ரப்பர்க் காது ஒன்று விற்கிறது, அதில் பைப்பைச் செருகி ஓட்டலாம். ஆனால் நம் பக்கத்துக் குழாயில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம், வேகமும் இருக்காது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மே நமக்கு ஏற்றது. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டை இறகு நன்றாக மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, நியூட்ரலில் மெதுவாக ஓட்டுங்கள். டிரம் தண்ணீரை ஒன்றிரண்டு முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், அதுவும் உப்பேறிவிடும். தினமும் முடியாது என்கிறவர்கள், இரண்டு நாளுக்கு மேல் படகு நிற்கப் போகிறது என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

இம்பெல்லரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், நன்றாகத் தெரிந்தாலும். சேற்றுத் தண்ணீரில் அது தேய்க்கும் தாளில் சுற்றுவதற்குச் சமம். நாலைந்து போல்ட்டைக் கழற்றினால் கீழ்ப்பாதி தனியே இறங்கும். அதன் மேல் பம்ப். புதிதாகப் போடும்போது இறக்கைகள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் குழப்பம் வரும். மேலிருந்து பார்த்தால் தண்டு வலஞ்சுழியாகச் சுற்றும். அதே திசையில் சுற்றிக்கொண்டே அழுத்தினால் இறக்கைகள் தாமாகச் சரியாக மடங்கிக்கொள்ளும். பழைய இம்பெல்லரில் ஒரு இறக்கை குறைந்தால், அந்தத் துண்டு மேலே போகும் பாதையில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது. தேடி எடுக்காமல் மூட வேண்டாம். தண்டின் பல்வெட்டில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் தடவி ஏற்றுங்கள்.

பின்பக்கத் துளையில் தண்ணீர் வருவது குறைந்தால் உடனே பம்பைக் குறை சொல்லாதீர்கள். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பாருங்கள், பாதி நேரம் உப்பும் வண்டலும்தான். அதேபோல, அங்கே தண்ணீர் வருகிறது என்பதாலேயே தலை குளிர்கிறது என்றும் நம்ப வேண்டாம். தெர்மோஸ்டாட் உப்பில் ஒட்டிக்கொண்டால் துளையில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், தலை கொதிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி வெந்நீரில் போட்டு, திறக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டும் முறையும் இதில் சேர்த்திதான். மும்பையில் கடல் மிக அதிகமாக ஏறி இறங்கும் பெரிய ஓதநாளில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே ஏறக்குறைய 5 மீட்டர் வித்தியாசம் வரும். காலையில் கிளம்பிய இடத்தில் மதியம் சேறுதான் இருக்கும். ஓத அட்டவணை பார்க்காமல் கிளம்பாதீர்கள். இடுப்பளவு தண்ணீருக்குக் குறைந்தால் எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டுத் துடுப்புப் போடுங்கள். ஓடும்போது சத்தம் சட்டென்று மாறினால் பிளாஸ்டிக் பை தண்ணீர் வாயில் ஒட்டியிருக்கும். நிறுத்தி, பின்னுக்கு ஒருமுறை ஓட்டி, போகாவிட்டால் தூக்கிக் கையால் எடுங்கள்.

எஞ்சினின் அடியில் திருகியிருக்கும் சாம்பல் நிறத் துத்தநாகக் கட்டிக்கு ஒருபோதும் பெயிண்ட் அடிக்காதீர்கள். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே அது இருக்கிறது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

பெட்ரோலும் ஆயிலும்

இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில்தான். பைக்குக்கு விற்கிற 2டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது; எரிந்தபின் சாம்பல் விடும், பிளக்கிலும் பிஸ்டனிலும் படியும்.

கலவை விகிதம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். 50க்கு 1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. 25க்கு 1 என்றால் 400 மில்லி. மிகப் பழைய எஞ்சினாக இருந்து விகிதம் தெரியாவிட்டால், கையேடு கிடைக்கும்வரை கூடுதல் ஆயிலோடு ஓட்டுங்கள். பிளக் கருக்கும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஈரம் ஓரளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து தொட்டியின் அடிக்குப் போய்விடும். நம் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். இதைவிட மோசமான விஷயம், நீங்கள் கலந்த ஆயில் மேலே நிற்கிற பெட்ரோலோடு தங்கிவிடும். எஞ்சினுக்குப் போவது ஆயில் இல்லாத திரவம். 'ஆயில் சரியாத்தானே போட்டேன், எப்படிப் பிடிச்சுது?' என்ற கேள்விக்குப் பல சமயம் இதுதான் பதில். கலந்த பெட்ரோலை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தொட்டியை நிரப்பியே வையுங்கள், காலி இடம் இருந்தால் ஈரக் காற்று நுழையும். சந்தேகம் வந்தால் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் எடுத்துப் பாருங்கள். கோடு விழுந்தாற்போல் இரண்டு அடுக்காக நின்றால் மொத்தத்தையும் அகற்றுங்கள். பழைய ரப்பர்க் குழாயும் கைப்பம்பும் எத்தனாலில் உப்பிப் பிசுபிசுக்கும். எஞ்சின் வாங்கிய அன்றே அவற்றை மாற்றிவிடலாம். பெட்ரோல் வடிகட்டி ஒன்றையும் நடுவில் போடுங்கள்.

நாளின் கடைசி ஓட்டத்தில் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை விடுங்கள்.

நைலான் நூல்

மீன்பிடிப் படகின் கியர் பெட்டியைக் கொல்வது பெரும்பாலும் வலைதான். அறுந்த நைலான் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, தண்டோடு சேர்ந்து சூடாகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை புரொப்பெல்லர் கழலாமல் செருகியிருக்கும் பின்னை எடுத்து, புரொப்பெல்லரைக் கழற்றி, தண்டைச் சுற்றிப் பாருங்கள். துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

கியர் ஆயில் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 90 நம்பர் ஹைபாய்டு கியர் ஆயில். மேல் ஸ்குரூ, கீழ் ஸ்குரூ இரண்டையும் கழற்றி வடித்தபின், கீழ்த் துளை வழியாகவே ஏற்றி, மேல் துளையில் வழிந்ததும் முதலில் மேலே மூடி, பிறகு கீழே மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொண்டு பாதிதான் நிரம்பும். ஸ்குரூவின் வாஷர் புதிதாக இருக்கட்டும். சீலும் பேரிங்கும் வேண்டுமானால், பழையதன் மேல் பொறித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு கிராஃபர்டு மார்க்கெட் பக்கம் நாக்தேவி தெருவுக்குப் போங்கள். பல அளவுகள் அங்கேயே கிடைக்கும்.

தடைக்காலத்தில்

மே 31க்கு முன் கடைசியாக நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள். கார்புரேட்டரைக் காய விடுங்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை மெல்லப் பலமுறை இழுத்துப் பிளக்கைத் திரும்பப் போடுங்கள். கியர் ஆயிலை மழைக்குப் பின் அல்ல, மழைக்கு முன் மாற்றுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் இரண்டு மாதம் பேரிங்கைத் தின்னும். எஞ்சினைப் படகிலிருந்து கழற்றி, மரச் சட்டத்தில் நிமிர்த்தி, கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்து அரிக்கும். பழைய பருத்திப் புடவை போதும். வாரம் ஒருமுறை கயிற்றை இழுத்துவிடுவது, வீட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

படகில் எப்போதும்

இரண்டு புதுப் பிளக், பிளக் சாவி, ஷியர் பின் (புரொப்பெல்லர் எதிலாவது மோதினால் தான் உடைந்து கியரைக் காக்கும் பின்) உள்ள எஞ்சினானால் நாலு பின், பழைய ஸ்டார்ட்டர்க் கயிறு ஒன்று, கட்டிங் பிளையர், கத்தி, துடுப்பு, நங்கூரம். எஞ்சின் கிளாம்ப்பைத் தினமும் இறுக்கிவிட்டு, எஞ்சினைத் தனிக் கயிற்றால் படகோடு கட்டி வையுங்கள். பெட்ரோல் தொட்டியைக் கரையில் இறக்கி நிரப்புங்கள், படகுக்குள் வைத்து ஊற்ற வேண்டாம். கடலில் எஞ்சின் கைவிட்டால் முதலில் நங்கூரம் போடுங்கள், பிறகு பழுது பாருங்கள். நீவாடு (கடல் நீரோட்டம்) உங்களைக் கப்பல் பாதைக்கு இழுத்துப் போய்விடக் கூடாது. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. விஎச்எஃப் ரேடியோ இருந்தால் சானல் 16.

எஞ்சின் கடலில் விழுந்துவிட்டால் தூக்கியதும் ஸ்டார்ட் செய்ய இழுக்காதீர்கள். தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். கரைக்கு வந்து மூடியைத் திறந்து நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவி, பிளக்கைக் கழற்றித் தலைகீழாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, ஆயில் விட்டு மெல்லச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் கார்புரேட்டரைக் கழுவி, அன்றைக்கே ஸ்டார்ட் செய்து, சூடேறும்வரை ஓட்டியாக வேண்டும். மிஸ்திரி மறுநாள்தான் வருவார் என்றால் எஞ்சினை வெளியே காய வைக்காதீர்கள். காற்றுப் பட்டதும்தான் துரு வேகமாக ஏறும். அவர் வரும்வரை நல்ல தண்ணீர் டிரம்மில் எஞ்சின் தலை முழுக்க மூழ்கும்படி போட்டு வையுங்கள்.